கயிற்றைத் தொட்ட கை

ராயபுரம் கடற்கரையில் ஒரு வழக்கம் இருந்தது. கடலில் விரித்த கரைவலை கயிற்று இழுப்பில் கரை ஏறும்போது ஓடிவந்து கயிற்றில் கை வைத்தவர் யாராக இருந்தாலும் மீனில் பங்கு உண்டு. புருஷனைக் கடலுக்குக் கொடுத்த குப்பம்மா அந்தப் பங்கில்தான் வயிற்றைக் கழுவினாள். வாங்கிக்கொண்டு பேசாமல் போகிற ஆளும் அல்ல. "இன்னா தேசப்பா, பூனைக்கா போடறே?" என்று வலைக்காரனிடம் தினமும் மல்லுக்கு நிற்பாள்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் நகரத்தை அழகுபடுத்தக் கிளம்பினார்கள். துறைமுகச் சாலையை அகலமாக்க வேண்டுமாம். குடிசைகள் கண்ணை உறுத்தின. தண்டையார்பேட்டையில் செங்கல் வீடு, வாசலில் குழாய் என்றார்கள். ஒவ்வொரு புயலுக்கும் கூரையைத் துரத்திக்கொண்டு ஓடி அலுத்தவள் குப்பம்மா. குப்பமே கிளம்பப் போகிறது என்று நம்பி முதல் ஆளாகத் தலையை ஆட்டினாள். மற்றவர்கள் கட்டுமரத்தை விட்டு வரமாட்டோம் என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். அதிகாரிகளும் சாலையைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டார்கள். போனது அவள் குடிசை மட்டும்தான். திரும்பி வரலாம் என்றால் அந்த இடத்தில் லாரி ஓடியது.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல வீடுதான். கூரை ஒழுகவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு அச்சாபீஸ்காரர் குடும்பம் மீன் நாற்றத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டது. பேச நாதியில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். "வலை ஏறுதேய்!" என்ற கூப்பாடு அங்கே கேட்காது என்பதுதான் தலையில் விழுந்த இடி. வலை ஏறுவதற்குக் காற்றும் மீனும் வைத்ததுதான் நேரம். குப்பத்தில் இருந்தபோது கூப்பாடு கேட்டதும் உலையை இறக்கிவிட்டு ஓடுவாள். இங்கிருந்து குத்துமதிப்பாகக் கிளம்பி நடந்தால் ஒன்று வலை இன்னும் கடலில் கிடக்கும், இல்லை எல்லாம் முடிந்து காக்கை மேயும்.

அன்றும் அப்படித்தான். மூச்சிரைக்கப் போய் நின்றபோது கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பங்கு பிரித்தாயிற்று. தேசப்பன் அவளைப் பார்த்துவிட்டுத் தன் கூடையிலிருந்து கை நிறையக் கவலை மீனை அள்ளினான்.

"இந்தா யக்கா, எடுத்துக்கினு போ."

"நான் கயித்தத் தொடலியே."

"தொடாட்டி இன்னா இப்போ? பாவம், தனியா கீறே."

மறுபடியும் ஒரு கை அள்ளிப் போட்டான். பங்காக இவ்வளவு மீன் அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை. வழக்கமான சண்டைக்காகச் சுற்றி நின்ற பெண்கள் அவள் வாயையே பார்த்தார்கள். குப்பம்மா முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள்.

"நல்லாயிரு நைனா" என்றாள்.

கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்கிற வார்த்தை. அது தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.