மிஞ்சிய மூன்று பேணிகள்

கனகலிங்கத்தின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு மகள் கஜந்தினி சுவிசுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. போவதற்கு முதல்நாள் அப்பாவின் அறையை ஒதுக்கித் தந்துவிட்டுப் போகிறேன் என்று நின்றாள். மெத்தை உறையைக் கழற்றினாள். பாதியில் நின்றுபோன மருந்துக் குப்பிகளை ஒரு பையில் போட்டுக் கட்டினாள். அலுமாரியின் கீழ்த்தட்டில் உடைக்காத தகர மாப்பேணிகள் மூன்று இருந்தன. சாப்பாடு இறங்காத நோயாளிகளுக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற சத்துமா.

"அம்மா, உதுகளையும் எறிஞ்சு விடுவம். பாக்கப் பாக்க உங்களுக்குத்தான் கவலை."

"எறியிறதோ? உடைக்காத பேணியடி."

"அப்ப என்ன செய்யப் போறியள்?"

"நான் குடிச்சு முடிக்கிறன். திகதி இன்னும் கிடக்கு."

கஜந்தினி தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பேணிகளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். ஜெயகௌரியோடு இந்த விசயத்தில் வாதாடி வென்றவர்கள் ஒருவரும் இல்லை.

அந்த வீட்டில் எதையும் எறிகிற பழக்கம் இல்லை. காலையில் மிஞ்சிய பிட்டு, பின்னேரம் வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துப் பிரட்டின பிட்டாக வரும். மொந்தன் வாழைக்காயைக் கறிக்கு எடுத்தால் தோலை மெல்லிதாக அரிந்து வறை வறுப்பாள். கனகலிங்கம் தோட்டக்காரர், நீர்வேலியில் ஆயிரம் வாழைக்கு மேல் வைத்திருந்தார். சந்தையில் விலைப்படாமல் திரும்பி வந்த குலை கறுத்துப் போனாலும் ஜெயகௌரி கலங்க மாட்டாள். கனிந்த கதலியை மாவோடு பிசைந்து வாய்ப்பன் சுடுவாள். அதற்கும் மிஞ்சினது மாட்டுக்கு. கட்டிக் கிழிந்த சாரம் கைபிடித் துணியாகும், அதுவும் நைந்தால் விளக்குத் துடைக்கும். தொண்ணூற்றைந்தில் சண்டையால் இடம்பெயர்ந்து, கைக்குழந்தையோடு தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குள் ஏழு குடும்பங்களோடு கிடந்தபோது படிந்த பழக்கம் அது. ஊர் திரும்பிய பிறகும் போகவில்லை.

"ஜெயகௌரியக்கா வீட்டுக் குப்பைக்கிடங்குக்குக் காகமும் வராது" என்று அயலில் பகிடி பண்ணுவார்கள். கனகலிங்கத்துக்கு அதைக் கேட்டால் பெருமை. "என்ரை மனிசியிட்டை வெறும் சட்டியைக் குடுத்தாலும் ரெண்டு பேருக்குச் சாப்பாடு வரும்" என்று சந்தையில் நின்று சொல்லுவார்.

போன வருசம் கார்த்திகையில் அவருக்குத் தொண்டை அடைக்கத் தொடங்கியது. சுருட்டுப் புகை என்று நினைத்து நிறுத்திப் பார்த்தார். தை பிறந்தபோது சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாம் செய்து பார்த்துவிட்டு, டொக்டர் ஜெயகௌரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பிந்திவிட்டது. கத்தி வைக்க ஏலாது. இருக்கிற நாளைக்குத் தெம்பாக இருப்பதற்கு இந்த மாவைக் கரைத்துக் கொடுங்கள். ஒரு நாளைக்கு நாலு தரம்.

டொக்டர் சொன்னதில் முன்பாதியை அவள் காதில் வாங்கவில்லை. பின்பாதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பேணியில் எழுதியிருந்தபடி கொதித்து ஆறின தண்ணீரை அளந்து, கரண்டியால் மாவை வழித்துப் போட்டு, கட்டிபடாமல் அடித்து, ஆறு மணி, பத்து மணி, இரண்டு மணி, ஆறு மணி என்று கொண்டுபோய் நீட்டினாள். அது சாப்பாடு அல்ல, மருந்து. மருந்தில் கை வைக்கக் கூடாது என்பது அவள் எண்ணம்.

அவர் முதல் கிழமை முழுக்க, "வைச்சிட்டுப் போ, பிறகு குடிக்கிறன்" என்றார். கிளாஸ் எப்போதும் வெறுமையாகத்தான் திரும்பி வந்தது. ஒருநாள் சமைக்கிற குசினிக்குப் பின்னால் நின்ற வாழையடியில் எறும்பு சாரிசாரியாகப் போவதைக் கண்டு ஜெயகௌரி குனிந்து பார்த்தாள். மண்ணில் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது.

அன்றைக்கு அவள் கத்தின கத்தல் றோட்டுக்குக் கேட்டிருக்கும்.

"சாகிறதெண்டு முடிவெடுத்துப் போட்டியளோ? உப்பிடி வாழைக்கு ஊத்தவோ நான் பஸ் ஏறி ஏறி அலைஞ்சு வாங்கிக்கொண்டு வாறன்? ஒரு சொட்டு வீணாக்காத வீடு இது. உங்களுக்குத் தெரியாதோ?"

கனகலிங்கம் கதிரையில் இருந்தபடி அவளையே பார்த்தார். அவருக்கு அப்போதே குரல் கம்மிவிட்டது.

"வாயிலை வைக்க ஏலாமல் கிடக்கு கௌரி."

"மருந்தெண்டால் அப்பிடித்தான் இருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு குடியுங்கோ."

"சரி. இனி ஊத்தேல்லை."

அவர் சொல்லைக் காப்பாற்றினார். அடுத்தநாளிலிருந்து அவள் முன்னாலேயே குடித்தார். ஒவ்வொரு மிடறுக்கும் இடையில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் இருப்பார். முடிந்ததும் கிளாசைக் கவிழ்த்துக் காட்டுவார். ஜெயகௌரி அன்றிரவே மகளுக்கு, "அப்பா இப்ப ஒழுங்காய்க் குடிக்கிறார்" என்று வென்றுவிட்ட குரலில் சொன்னாள்.

இடையில் ஒருநாள், ஒரேயொருநாள், அவர் கேட்டார். "எனக்குக் கொஞ்சம் கஞ்சி காய்ச்சித் தாறியே? தண்ணியாய்."

"கஞ்சியிலை என்ன சத்துக் கிடக்கு? வயித்திலை இடம் இருந்தால் இதைக் குடியுங்கோ."

அவர் பிறகு கேட்கவில்லை. நாற்பத்தாறு நாள் அந்த மாத்தண்ணீரைக் குடித்தார். நாற்பத்தேழாம் நாள் விடிய, ஆறு மணிக் கிளாசோடு அவள் போனபோது மூச்சு இல்லை.

மகள் போன அடுத்தநாள் ஜெயகௌரி ஒரு பேணியை எடுத்து உடைத்தாள். சமைக்க மனமில்லை. மா கிடக்கிறது, அதையே குடித்தால் ஒருநேரச் சாப்பாடு ஆகிவிடும் என்றுதான் நினைத்தாள். பழகின கை தானாகத் தண்ணீரை அளந்து மாவைப் போட்டு அடித்தது. குசினி வாசலில் நின்றபடி ஒரு மிடறு குடித்தாள்.

குடித்தது தொண்டையிலேயே நின்றது. இரும்புத் துருவில் சீனியைக் குழைத்தது மாதிரி ஒரு தித்திப்பு. நாக்கில் எண்ணெயாக ஒட்டிக்கொண்டது. விழுங்கின பிறகு மருந்து மணம் மூக்கால் ஏறி வந்தது. முற்றத்துக்கு ஓடி ஓங்காளித்தாள். ஒன்றும் வரவில்லை.

இத்தனை நாளும் இதில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு கறிக்கு மூன்று தரம் உப்புப் பார்க்கிறவள் அவள்.

உள்ளே வந்து கிளாசை எடுத்தாள். மிச்சத்தையும் குடித்தாள். ஒவ்வொரு மிடறுக்கும் இடையில் கண்ணை மூடவேண்டி வந்தது. முடிந்தபோது முகம் முழுக்க வேர்த்திருந்தது. நல்ல தொண்டை உள்ள தனக்கே இப்படி. புண் தொண்டையோடு ஒருநாளைக்கு நாலு தரம் அந்த மனிசன் எப்படி இறக்கினார்?

அதற்குப் பிறகு அவளுக்கு அந்த மாவை விட முடியவில்லை. வீணாகக்கூடாது என்ற எண்ணமெல்லாம் போய்விட்டது. இதை வாயில் வைக்கிற மாதிரி ஆக்கமுடியுமா முடியாதா என்று அவளுக்குத் தெரியவேண்டும். தேத்தண்ணியில் கலந்தாள், துருச்சுவை இன்னும் தூக்கியது. பிட்டுமாவோடு சேர்த்து அவித்தாள். களியாகிக் கையில் ஒட்டியது. பசுப்பாலில் ஏலக்காய் தட்டிப் போட்டுப் பார்த்தாள். பரவாயில்லை, ஆனால் விழுங்கின பிறகு அந்த மருந்து மணம் வந்தது. ஒவ்வொரு தரமும் செய்ததைக் குடித்தே முடித்தாள். வேறொன்றும் சாப்பிடவில்லை.

ஐந்தாம் நாள், குத்தகைக்குத் தோட்டம் பார்க்கிறவர் ஒரு சீப்புக் கதலி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதில் ஒன்று தோல் வெடிக்கக் கனிந்திருந்தது. ஜெயகௌரி வறுத்த அரிசிமாவில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீராகக் கஞ்சி காய்ச்சினாள். தேங்காயின் முதற்பால் விட்டாள். பனங்கட்டி ஒரு துண்டு. அடுப்பை விட்டு இறக்கி இளஞ்சூடாக ஆறவிட்டு, சத்துமாவைக் கரைத்துச் சேர்த்தாள். பழத்தை மசித்துக் கலந்து, எல்லாவற்றையும் துணியில் வடித்து எடுத்தாள். வடித்தது பால் மாதிரி மெல்லிதாக ஓடியது.

ஒரு மிடறு குடித்தாள். பிறகு இன்னொன்று.

துருச்சுவை இல்லை. மருந்து மணமும் இல்லை. பழமும் பனங்கட்டியும்தான் இருந்தன. தொண்டையில் எங்கும் நிற்காமல், வழுக்கிக்கொண்டு போயிற்று.

ஜெயகௌரி அப்படியே குசினி நிலத்தில் இருந்துவிட்டாள். அரிசிமா எப்போதும் போத்தலில் கிடந்தது. பனங்கட்டி கிடந்தது. பழம் அவருடைய தோட்டத்துப் பழம். அரை மணித்தியால வேலை. அது அவர் உயிரைப் பிடித்து வைத்திருக்காது என்று அவளுக்குத் தெரியும். டொக்டர் சொன்ன முன்பாதி இப்போது காதில் தெளிவாகக் கேட்டது. ஆனால் அந்த நாற்பத்தாறு நாளும் அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்திருக்கத் தேவையில்லை. அவர் கஞ்சி என்று வாய்விட்டுக் கேட்டும் இருந்தார்.

பானையில் மிஞ்சினதை அன்றைக்கு அவள் குடிக்கவில்லை. வடித்த துணியைக் கையில் பிடித்தபடி மத்தியானம் வரை அந்த நிலத்திலேயே இருந்தாள்.

அடுத்த கிழமை அருந்ததி வந்தாள். பின்னால் போகிற ஒழுங்கையில் இருக்கிறவள். அவளுடைய கணவன் ஜெயசுதன் ஓட்டோ ஓடுகிறவன். வயிற்றில் புண் வெடித்து ஒப்பரேசன் செய்து வீட்டுக்கு வந்திருந்தான். அருந்ததி வாசற்படலைக்குள் வந்தும் உடனே விசயத்தைச் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. செத்தவீடு நடந்த வீட்டிலை வந்து இதைக் கேக்கக்கூடாது. அண்ணைக்கு வாங்கின மா ஏதும் மிச்சம் கிடக்கோ? இவருக்கும் அதுதான் குடுக்கச் சொல்லியிருக்கினம். ரெண்டு கடையிலை இல்லையெண்டிட்டாங்கள்."

"கிடக்கு. குடிக்கிறாரோ?"

"எங்கை அக்கா! வாயிலை வைச்ச உடனை சத்தி எடுக்கிறார். நானும் ஏசிப் பாத்திட்டன்."

"ஏசாதை" என்றாள் ஜெயகௌரி. "ஏசாதை பிள்ளை. நீ வீட்டை போ. நான் கொண்டுவாறன்."

ஒரு மணித்தியாலத்தில் தூக்குச்சட்டியோடு போனாள். ஜெயசுதன் சுவரில் சாய்ந்து இருந்தான். கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து. முதலில் வேண்டாம் என்று தலையாட்டினான். ஜெயகௌரி வற்புறுத்தாமல் கோப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டு அப்பால் திரும்பி நின்றாள். பின்னால் அவன் குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவன், "இன்னும் கிடக்கோ அக்கா?" என்று கேட்டான்.

அருந்ததி சிரித்தாள். ஜெயகௌரி தூக்குச்சட்டியை அவளிடமே கொடுத்துவிட்டு, அடுப்பில் சோறு கிடக்கிறது என்று பொய் சொல்லி வெளியே வந்தாள்.

பதினெட்டு நாள் காலையும் பின்னேரமும் காய்ச்சிக் கொண்டுபோனாள். கடைசிப் பேணியும் அடித்தட்டி முடிந்தது. அப்போது ஜெயசுதன் குழைசோறு சாப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டான். ஒருநாள் அவன் மெல்ல மெல்லச் சந்திவரை நடந்து போவதை ஜெயகௌரி படலையடியில் நின்று பார்த்தாள். சந்தோசமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோசத்துக்குள்ளேயே ஏதோ ஒன்று குத்தியது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அருந்ததி ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்தாள். இருவரும் குசினி நிலத்தில் இருந்து காயைச் சீவி நறுக்கினார்கள்.

"இவரைப் பாக்கிற டொக்டரே கேட்டவர் அக்கா, என்ன குடுத்தனீங்கள் எண்டு. நான் உங்கடை கஞ்சியைச் சொன்னன்" என்றாள் அருந்ததி. "அண்ணைக்குக் காய்ச்சிக் காய்ச்சித்தானே உங்களுக்குக் கை வந்திருக்கு. போன மனிசன் வாய்க்கு ருசியாய்க் குடிச்சிட்டாவது போனார். குடுத்து வைச்சவர்."

ஜெயகௌரியின் கையில் கத்தி நின்றது. ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஊர் முழுக்க அப்படியே நம்பியிருக்கும்.

"இல்லை" என்றாள். "அவருக்கு நான் இதை ஒருநாளும் காய்ச்சிக் குடுக்கேல்லை."

அருந்ததிக்கு விளங்கவில்லை.

"வெறுந்தண்ணியிலைதான் கரைச்சுக் குடுத்தனான். ஏலாதெண்டு சொன்னவர். ஊத்திப்போட்டார் எண்டு ஏசினனான். கஞ்சி கேட்டவர், அதையும் குடுக்கேல்லை. என்ரை வாய்க்குப் பயந்து குடிச்சவர் பிள்ளை. கடைசி நாள் வரைக்கும் கிளாசைக் கவிட்டுக் கவிட்டுக் காட்டினவர். அவர் போனாப் பிறகுதான் நான் இதைக் காய்ச்சிப் பாத்தனான்."

செத்தவீட்டிலும் அந்தியேட்டியிலும் எல்லோருக்கும் சாப்பாடு போதுமா என்று பார்த்துக்கொண்டு திரிந்தவள், இப்போது முருங்கைக்காய்த் தோல்களுக்கு நடுவில் குந்தியிருந்து, வாயைப் பொத்தவும் மறந்து அழுதாள்.

"நீங்கள் அவர் இருக்கவேணுமெண்டுதானே அக்கா..." என்று அருந்ததி தொடங்கினாள். எழும்பி வந்து பக்கத்தில் இருந்தாள். அழுகை அடங்கும்வரை ஜெயகௌரியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு மிச்சக் காயையும் அவளே நறுக்கி, உலை வைத்து, கறியையும் கூட்டி அடுப்பில் ஏற்றினாள். ஜெயகௌரி தடுக்கவில்லை. சுவரில் சாய்ந்து, வேறொருத்தி தன் அடுப்பில் சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் அருந்ததி சோற்றைப் போட்டு அவள் முன்னால் வைத்தாள்.

"ரெண்டு வாய் சாப்பிடுங்கோ. ஏலாதெண்டால் வைச்சிடுங்கோ, நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

ஜெயகௌரி மூன்று வாய் சாப்பிட்டாள். நாலாவது இறங்கவில்லை. சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"நாளைக்கும் வாறன் அக்கா" என்றாள் அருந்ததி.

"ஓம்" என்றாள் ஜெயகௌரி. "வா."