ரெண்டு சாக்கெட் போர்டு

ஆறு பத்துக்கு அலாரம் அடித்தது. எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சிக் காப்பி போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குளித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான், காலருக்கும் முன்பக்கத்துக்கும் மட்டும். முதுகை யாரும் பார்ப்பதில்லை. ஏழரைக்கு மாமியார் போன் செய்தார்.

"சாப்டீங்களா மாப்ள?"

"சாப்டேன் அத்தை."

"என்ன சாப்டீங்க?"

"ரொட்டி."

சாப்பிடவில்லை. அது அத்தைக்கும் தெரியும். ஆனாலும் தினமும் கேட்டார், அவனும் தினமும் ரொட்டி என்றான். வாசற்கதவுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து சாக்ஸ் போட்டான். ஷூ போட்டுக் கயிறு கட்டினான். முதலில் இடது, பிறகு வலது. கதவைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

ஐந்து மாதமாக இதே வரிசைதான். அன்றைக்கு மட்டும் பம்ப் தொழிற்சாலைக்கு லீவு சொல்லியிருந்தான். பையில் இரண்டு பிராசஸர், எட்டு மெமரி, ஒரு வெர்னியர் அளவுகோல், திருகுத் துளை அளவுகள் குறித்த ஒரு தாள். தொழிற்சாலையில் அவன் தரப் பரிசோதகன். வெர்னியர் இல்லாமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லை.

வாங்க வேண்டியது ஒரு மதர்போர்டு. மனைவியின் சர்வருக்கு.

அவள் இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோலப் படமாக்கித் தருகிறவள். கட்டட நிறுவனங்கள் வரைபடத்தை அனுப்பும். இவள் ஜன்னலில் வெயில் விழுவதுவரை போட்டு அனுப்புவாள். ஒரு படத்துக்கே கணிப்பொறி பல மணி நேரம் மூச்சு வாங்கும். அதனால் கழித்துக்கட்டிய சாமான்களாகப் பொறுக்கி வந்து, இரண்டு பிராசஸர் வைத்த சர்வரை அவளே கட்டினாள். நாலு வருஷம் அது கண் மூடியதில்லை. அதனாலேயே கிண்டலாக அதற்குக் கும்பகர்ணன் என்று பெயர் வைத்தாள். தெருவில் யாரோ அவளுடைய ஒற்றைச் செருப்பைத் தூக்கிப் போனபோது, முக்காலிக்கு மேலே ஒரு கேமரா மாட்டி அதையும் கும்பகர்ணனோடு இணைத்தாள். எதிர்வீட்டு நாய் மூன்றாம் நாளே மாட்டிக்கொண்டது. கேமரா அங்கேயே இருந்துவிட்டது.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை எட்டேகாலுக்கு அவள் வெளியே போனாள். பதினொன்றரைக்கு ஒரு லாரி.

மறுநாள் அத்தை அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "போகும்போது என்ன மாப்ள சொன்னா?"

அவனுக்கு ஞாபகம் வரவில்லை. முக்காலியில் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தது ஞாபகம் இருந்தது. அவள் ஏதோ சொன்னாள் என்பதும் ஞாபகம் இருந்தது. என்ன என்பது சுத்தமாக இல்லை.

"போயிட்டு வரேன்னு சொன்னா அத்தை."

அத்தை அதை வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். போயிட்டு வரேன்னு சொன்ன புள்ளங்க, என்று. ஒவ்வொரு முறையும் அவன் எழுந்து உள்ளறைக்குப் போனான்.

மூன்றாம் நாள் வீடு நிறைய ஆட்கள். உள்ளறையில் கும்பகர்ணன் இரைந்துகொண்டிருந்தது. "அந்த இரைச்சல கொஞ்சம் நிறுத்துங்க மாப்ள, தல வெடிக்குது" என்றார் அத்தை. அவன் போய்ச் சுவிட்சை அணைத்தான். இரண்டு வாரம் கழித்துப் போட்டால் எழுந்திருக்கவில்லை, மதர்போர்டு போய்விட்டிருந்தது. அதற்குப் பிறகு அத்தை அந்த அறைப் பக்கமே போகவில்லை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லாததுதான் அவருக்குப் பெரிய பாரம் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

பத்து நாளைக்கு முன்னால் ஷூ போடும்போது நிமிர்ந்தான். கேமராவின் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவள் போன அன்று காலையும் அது பார்த்திருக்கும். கேட்டிருக்கும். பதிவு கும்பகர்ணனுக்குள் இருக்கும்.

*

பாகங்கள் விற்கிற அம்மாளுக்கு மனைவி வைத்த பெயர் கழட்டு அக்கா. அலுவலகங்கள் வீசியெறியும் சர்வர்களை வாங்கிக் கழற்றித் தனித்தனியாக விற்பது அவர் தொழில். நீளமான அறை. கூரைவரை இரும்பு அலமாரி. நடுவில் ரப்பர் விரிப்புப் போட்ட மேஜை. அக்கா நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"நீங்கதான அந்த முனிவரு?"

அவன் தலையாட்டினான். அதிகம் பேசாத அவனுக்கு வீட்டில் அதுதான் பெயர். அது இந்தக் கடைவரை வந்திருக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

"கேள்விப்பட்டேன் தம்பி. நேர்ல வரணும்னு நெனச்சேன், வரல. தப்புதான்." அதற்குமேல் அவர் துக்கம் விசாரிக்கவில்லை. அதற்கே அவனுக்கு நன்றி சொல்லத் தோன்றியது. "என்ன வேணும்?"

சொன்னான். பிராசஸர்களை எடுத்து வைத்தான். அக்கா அவற்றைப் புரட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே ஜோடி. இது நான் குடுத்ததுதான். ரெண்டு மணி நேரம் பேரம் பேசி என் உசுர எடுத்தா." அலமாரியிலிருந்து மூன்று போர்டுகளை இறக்கினார். "இந்தாங்க. இது கையடக்கம். ஒரு பிராசஸர்தான் போடலாம். வெறும் பதிவ எடுக்கறதுக்கு இதுவே எதேஷ்டம். சும்மா ஒண்டிக்கட்ட மாதிரி..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பரவால்லக்கா."

"என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்."

அவன் உதடு ஒரு பக்கம் லேசாக இழுபட்டது. பல நாளாக அது செய்யாத வேலை.

இரண்டாவது, பெரிய நிறுவனம் ஒன்றின் சர்வரிலிருந்து கழற்றியது. பார்க்கக் கம்பீரமாக இருந்தது. பிராசஸர் உட்கார இரண்டு சாக்கெட். அவன் வெர்னியரை எடுத்துத் துளைகளை அளந்தான். தாளோடு ஒப்பிட்டான். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. கரண்ட் சொருகும் இடமும் வேறு மாதிரி.

"அது அப்படித்தான்," என்றார் அக்கா. "பொறந்த வீட்டுப் பெட்டியத் தவிர வேற எதுலயும் உக்காராது. கௌரவம் ஜாஸ்தி."

மூன்றாவது சாதாரண அளவுகளுக்குச் செய்த போர்டு. இரண்டு சாக்கெட். பத்துத் துளையில் ஒன்பது பொருந்தின. இரண்டாவது சாக்கெட்டின் மூலையில் மட்டும் மயிரிழைபோன்ற பின்கள் இரண்டு சாய்ந்திருந்தன.

"இத நிமித்தித் தரேன். ஆனா தம்பி, நான் வியாபாரி, இருந்தாலும் சொல்றேன். உங்களுக்கு ரெண்டு எதுக்கு? இது கரண்ட்டும் தின்னும், இரைச்சலும் போடும். மொதல்ல இருக்கற ஒண்டி... ஒத்த போர்ட எடுத்துட்டுப் போங்க."

அவன் மேஜைமேல் இருந்த பிராசஸர்களைப் பார்த்தான்.

"ரெண்டும் நல்லாத்தான இருக்கு. ஒண்ண எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

அக்கா பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, மெல்லிய ஊசியோடு பின்களின்மேல் குனிந்தார்.

அவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது அவன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். சர்வர் பெட்டியின் கதவுக்கு உட்புறம் மனைவி ஒட்டிவைத்த தாள். எந்த ஒயர் எங்கே, எந்த டிஸ்க் எத்தனையாவது, எல்லாம் அவள் கையெழுத்தில். கடைசி வரியை அக்கா வாய்விட்டுப் படித்தார். "கேமரா. தொண்ணூறு நாள். அப்புறம் தானா அழிஞ்சிடும்."

அவன் அந்த வரியை இதுவரை ஊன்றிப் படித்திருக்கவில்லை. நூற்றைம்பது நாள் ஆகிவிட்டது. கையிலிருந்த வெர்னியர் கனத்தது.

"பொட்டி எப்ப நின்னுச்சு?" என்றார் அக்கா, நிமிராமல்.

"மூணாம் நாள். நான்தான் அணைச்சேன். அத்தை சத்தம்னு சொன்னாங்க."

"அதுக்கப்புறம் எழுந்திரிக்கல."

"இல்ல."

"அப்ப அழிக்கறதுக்கு அங்க யாரு இருந்தா?"

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"அது பாட்டுக்கு ஓடியிருந்தா எப்பவோ வழிச்சுத் தொடச்சிருக்கும் தம்பி. உங்க அத்தைக்கு ஒரு கும்பிடு போடுங்க. ஆனா இப்ப உஷாரா இருக்கணும். எழுந்த ஒடனே தேதியப் பாத்து, நூத்தம்பது நாளாச்சுன்னு கூட்டிப் பெருக்க ஆரம்பிச்சிடும். நெட் ஒயரச் சொருகாதீங்க. மொத தெரையில தேதி கேக்கும். அந்த நாளையே போடுங்க."

"எந்த நாள்?"

"அவ போன நாளு."

போர்டை உறையில் போட்டுக் கொடுத்தார். அவர் கேட்ட விலையை அவன் பேரம் பேசாமல் நீட்டினான். அக்கா ஒரு பகுதியைத் திருப்பி அவன் சட்டைப்பையில் திணித்தார். "அவ இருந்தா பேசியிருப்பா. அவளுக்குப் பதிலா நானே கொறச்சிக்கிட்டேன்."

*

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அத்தை வந்தார். கையில் சாப்பாட்டுத் தூக்கு. உள்ளறையில் மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து கும்பகர்ணனின் வயிற்றைத் திறந்து வைத்திருந்ததைப் பார்த்ததும் கதவருகேயே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்க அத்தை. டார்ச் பிடிக்கணும்."

அத்தை வந்து டார்ச் பிடித்தார். பொருந்தாத பத்தாவது துளைக்குப் பெட்டியில் முட்டுக்கொடுத்திருந்த பித்தளைக் குமிழை, புதுப் போர்டின் அடியில் இடிக்காமலிருக்க, மறக்காமல் கழற்றினான். பழைய ஒயர் ஒவ்வொன்றிலும் அவள் ஒட்டிய சீட்டு இருந்தது. 'மூணாவது ஃபேன்'. 'இத இழுக்காத'. 'இதுவும்தான்'. ஒவ்வொன்றையும் அத்தை மெதுவாகப் படித்தார். இருட்டில் வழி கேட்டு நிற்கிறவனுக்குத் திருப்பத்துக்குத் திருப்பம் ஆள் நிறுத்தி வைத்ததுபோல இருந்தது அவனுக்கு.

பரிசோதகன் புத்தி சும்மா இருக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சோதிப்பதுதானே முறை என்று முதல் பிராசஸரை மட்டும் மாட்டிச் சுவிட்சைப் போட்டான். திரை வெளுத்தது. தேதி கேட்டது. ஐந்து மாதத்துக்கு முந்தைய அந்த நாளை, காலை ஏழு மணி என்று அடித்தான். எண்களை ஒருமுறை சரிபார்த்தான்.

போர்டு எழுந்தது. பெட்டியிலிருந்த எட்டு டிஸ்க்கில் ஒன்றுகூடத் தெரியவில்லை. எட்டும் சுற்றுகிற சத்தம் கேட்டது. திரையில் சுழியம்.

"என்னாச்சு?"

"எதுவும் இல்லங்குது."

அத்தை டார்ச்சைக் கீழே வைத்தார். "எல்லாம் என்னாலதான். நான் சும்மா இருந்திருக்கணும்," என்றார். ஐந்து மாதம் தேக்கி வைத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்தில் கொட்டியது.

அவன் உள்ளே பார்த்தான். டிஸ்க்குகளின் ஒயர்கள் எல்லாம் சேரும் கார்டு கீழ் ஸ்லாட்டில் இருந்தது. அந்தப் பக்கத்து ஸ்லாட்டுகள் இரண்டாவது பிராசஸரின் கட்டுப்பாட்டில். அது இல்லாவிட்டால் அந்தப் பாதி இருந்தும் இல்லாத மாதிரி. பத்து நாளாக இதைத்தான் படித்துக்கொண்டிருந்தான். படித்தது சமயத்துக்குக் கை கொடுக்கவில்லை.

"டார்ச்ச எடுங்க அத்தை. தப்பு என்னோடது."

சுவிட்சை அணைத்து, இரண்டாவதையும் அதன் இடத்தில் வைத்தான். அக்கா நிமிர்த்திய பின்கள் இரண்டும் நேராக நின்றன. மூடி, திருகி, மறுபடி போட்டான். தேதி போட்டது போட்டபடி இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு டிஸ்க்கும் வரிசையாகத் திரையில் வந்தன.

விசிறிகள் இரைய ஆரம்பித்தன. பழைய இரைச்சல். இருவருமே நிறுத்தச் சொல்லவில்லை.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். போயிட்டு வரேன்னு அவ சொன்னதா சொன்னேன்ல. அது பொய். எனக்கு ஞாபகமில்ல."

அத்தை அவனையே பார்த்தார். "நீங்க ரொட்டி சாப்டேன்னு சொல்றதே எனக்குத் தெரியும் மாப்ள. இது தெரியாதா?"

"மூணாம் நாளே இது நின்னதால கேமராப் பதிவெல்லாம் அப்படியே இருக்கு. நீங்க நிறுத்தச் சொல்லலேன்னா தொண்ணூறாவது நாள் அழிஞ்சிருக்கும். உங்களாலதான் இருக்கு."

அத்தை புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

அந்த நாளின் கோப்பு. எட்டு பதிமூன்று. முக்காலியில் அவன் குனிந்திருக்கிறான். கையில் கயிறு. அவள் பையை மாட்டிக்கொண்டு கடந்து போகிறாள். கதவு திறந்து மூடுகிறது. வெறும் கதவு. அவ்வளவுதானா என்று அவன் கை நகர்ந்தது. அத்தை அதைப் பிடித்து நிறுத்தினார். கதவு மறுபடி திறந்தது. தலையை மட்டும் உள்ளே நீட்டி, அவன் காலைப் பார்த்து, அவள் ஏதோ சொன்னாள். திரையில் இருந்தவன் நிமிர்ந்தான். சிரித்தான். பல் தெரிய, அவளைப் பார்த்துத்தான் சிரித்தான். கதவு மூடியது.

தான் சிரித்திருக்கிறோம் என்பது அவனுக்கு இதுவரை தெரியாது.

விசிறிச் சத்தத்தில் பேச்சு சரியாகக் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டி, பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டான். அத்தை தலையை ஸ்பீக்கரிடம் சாய்த்தார். கதவு திறந்தது.

"முனிவரே, சாக்ஸ் ரெண்டும் வேற வேற. பரவால்ல விடு, ஷூவுக்குள்ள யாரு எட்டிப் பாக்கப்போறா."