சிப்காட் லோடு

குப்புராஜ் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். அது அணைய வேண்டுமென்று ஜெபம் செய்யச் சொன்னார் பாஸ்டர். நான் செய்யவில்லை. எரிந்தால் எரியட்டும், எனக்கு அது வேண்டியிருந்தது.

அவன் வேன் டிரைவர். டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டில் ஏற்றி, பொன்னேரி ஆஸ்பத்திரியில் இறக்கி, முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுகிற இலவச வேன். ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. அதற்கு முன் ஆந்திராவுக்கு லாரி ஓட்டியவன். லாரி போனாலும் லாரி வாய் போகவில்லை. "சிப்காட் லோடு ஏத்தியாச்சு" என்று ஆபீசுக்கு போனில் சொல்வான். சிப்காட் லோடு என்றால் என் புருஷன் சாம்சன். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில், அனலுக்கு முன்னால் நின்று வேலை பார்த்த மனுஷன். கிட்னி போனதும் லோடு ஆகிவிட்டார்.

டயாலிசிஸ் ஊசிக்காக அவருடைய இடது கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தோலுக்கு அடியில் கிர்ரென்று ஓர் ஓட்டம் கேட்டுக்கொண்டே இருக்கும். காலையில் விழித்ததும் நான் அந்தக் கையில் காதை வைப்பேன். "மிஷின் ஓடுதாடி, ஹெலன்?" என்பார். "ஓடுது" என்பேன். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் காபி. அந்தக் கையை யாரும் அழுத்தக் கூடாது, பிடித்து இழுக்கக் கூடாது. வேன் வரும்போதெல்லாம் குப்புராஜிடம் இதைச் சொல்வேன்.

"தெரியும்மே. நீ இன்னா டாக்டரா?" என்பான். கூட வருகிறேன் என்றால் இடமில்லை என்பான்.

ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து திரும்புகிற வழியில், ஹைவேயில் வெயிலில் வேனை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். ஜன்னல்கூடத் திறந்து வைக்கவில்லை. எங்கள் வாசலுக்கு வந்தபோது அவர் துவண்டு கிடந்தார். எழுந்திருக்க முடியவில்லை.

"எறங்குய்யா. எனக்கு வேற லோடு கீது" என்று இடது கையைப் பிடித்து நெரித்து ஓர் இழுப்பு இழுத்தான். நான் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் இழுத்து முடித்துவிட்டான், பாவி.

மறுநாள் காலை காதை வைத்தேன். "மிஷின் ஓடுதாடி?" என்றார். காதை மாற்றி வைத்துப் பார்த்தேன். ஓட்டம் நின்றுபோயிருந்தது. பிறகு டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது. அந்தக் காய்ச்சலோடு அவரும் போய்விட்டார்.

டிரஸ்ட் ஆபீசில் போய்ச் சண்டை போட்டேன். "இலவச வேன்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்றார்கள்.

அதே வேனில் உதவியாளர் வேலை கேட்டு வாங்கினேன். சேவை மனப்பான்மை என்று மெச்சிக்கொண்டார்கள். மண்ணாங்கட்டி. அவன் பக்கத்திலேயே இருந்து ஒரு கை பார்க்கத்தான் போனேன். நான் சேர்வதற்குள் அவன் உடம்பு சரியில்லை என்று நின்றுவிட்டான். கை நழுவிப் போய்விட்டானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

சர்க்கரை அவன் கிட்னியைத் தின்றுவிட்டது என்று எனக்குத் தெரியாது. போன மாதம் புது டிரைவர் தாவீது, "அக்கா, புது பேஷண்ட். எளாவூர். குப்புராஜுன்னு பேரு" என்றான். எனக்குக் கோயில் மணி அடித்ததுபோல் இருந்தது.

எளாவூர்தான் வேனுக்கு முதல் நிறுத்தம். உள்ளே வேறு யாரும் இல்லை. குப்புராஜ் மருமகள் பூமிகாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தான். பாதி ஆளாக இளைத்துப் போயிருந்தான். என்னைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினான்.

"நீ... அந்த சிப்காட் லோடு ஊட்டுக்காரிதானே?"

செத்த பிறகும் லோடுதான்! ஏற்றிவிடச் சொல்லிக் கையை நீட்டினான். இடது கை. தையல் போட்ட புதுக் கை. அதைப் பிடிக்கக் கூடாது என்பதுகூட இன்னும் அவன் புத்தியில் ஏறவில்லை. ஓர் இழுப்பு போதும். யார் கேட்கப் போகிறார்கள்? என் கை போய் அந்தக் கையின்மேல் உட்கார்ந்துவிட்டது. உள்ளங்கைக்கு அடியில் கிர்ரென்று ஓடியது. சாம்சன் கையில் கேட்ட அதே ஓட்டம். இவனுக்கு ஓடுகிறது, என் புருஷனுக்கு நின்றுவிட்டது.

"எம் புருஷன் பேரு இன்னா?" என்றேன்.

விழித்தான். அத்தனை நாள் ஏற்றி இறக்கியவன், உதட்டை நக்கிக்கொண்டு மருமகளைப் பார்த்தான்.

"தெர்லம்மா. கால் நோவுது, ஏத்து."

"யோசி."

வியர்வை வழிந்தது. கால் நடுங்கியது. நடுங்கட்டும் என்று நின்றேன். எனக்கு இனித்தது. தாவீது ஹாரன் அடித்தான்.

"அடுத்த தபா பேரோட வா" என்றேன். "தெர்லன்னா இந்தக் கைய புட்ச்சுதான் ஏத்துவேன்."

பிறகு வலது அக்குளில் கை கொடுத்து, முதுகில் தாங்கி, அலுங்காமல் ஏற்றி, தலையணை வைத்து பெல்ட் போட்டேன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வழியெல்லாம் இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி வந்தான்.

அடுத்த முறை வேன் திரும்புகிறபோதே ஆள் மருமகளோடு வாசலில் நின்றான். நான் இறங்குவதற்கு முன்பே சொன்னான்.

"சாம்சன். சாம்சன்மா. இவளை உங்க சர்ச்சாண்ட அனுப்பிக் கேட்டேன்."

அந்த வாயில் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டேன். அழவில்லை. அவன் முன்னால் அழ மாட்டேன். அவன் கையில் காதை வைத்தேன்.

"ஓடுது. பத்ரமா பாத்துக்கோ" என்றேன். "மில்லுல அவரு இன்னா வேல செஞ்சாரு?"

"அது... தெர்லியே."

"கேட்டுக்கினு வா. அதுக்கப்பறம் அவருக்குப் புடிச்ச பாட்டு."

அவன் முகம் வெளுத்தது. "இன்னும் எத்தினி கேப்பம்மா?"

"நீ உசுரோட கீற வரைக்கும்" என்று சொல்லி, வலது பக்கம் போய் அவனைத் தாங்கிப் பிடித்தேன்.