லின்சியின் அறிகுறிகள்

சாப்பாட்டு வேளையில், பெரும்பாலோர் வெளியே போயிருந்த பதினொன்றாம் வகுப்பில் அஃபீஃபாவின் நெற்றி ஸ்டீல் தண்ணீர் பாட்டிலால் உடைபட்டது. சத்தம் கேட்டு ஓடிய ஆசிரியை பார்த்தபோது, பாட்டில் லின்சியின் கையில் இருந்தது. அஃபீஃபாவை ஆஸ்பத்திரிக்கும் லின்சியைத் தலைமையாசிரியை அறைக்கும் கூட்டிப் போனார்கள்.

லின்சிக்கு டி.சி. கொடுத்துப் பள்ளியை விட்டு அனுப்புவதா என்று மறுநாள் நிர்வாகம் முடிவுசெய்யும். அதற்குள் பள்ளியின் மனநல ஆலோசகர் பெலிண்டா ஓர் அறிக்கை தர வேண்டும் என்றார் தலைமையாசிரியை சிஸ்டர்.

பெலிண்டாவுக்குப் பயமில்லை. வன்முறையில் இறங்கக்கூடிய மாணவர்களை முன்பே அடையாளம் காண்பது பற்றி ஸ்ரீரங்கத்தில் ஓர் ஓட்டலில் நடந்த பயிலரங்குக்குப் போய்வந்திருந்தாள். அங்கே காட்டிய உதாரணங்கள் எல்லாம் வெளிநாட்டுப் பையன்கள், கையில் துப்பாக்கியோடு. திருச்சியில் இருக்கும் ஒரு பெண்கள் பள்ளிக்கு இது எப்படிப் பொருந்தும் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆசிரியர் அறையில் கேட்டதும் கொட்டினார்கள்.

"எனக்கு அப்பவே தெரியும் பெலிண்டா," என்றார் கணக்கு டீச்சர் அமலராணி. "ஒருநாளாவது சிரிச்சிருக்காளா? தனியாத்தான் சாப்பிடுவா. நோட்டுப் பின்னாடி பூரா கண்ணா வரைவா. மூஞ்சி கிடையாது, வெறும் கண்ணு!"

"கட்டுரை முழுக்கச் சாவைப் பத்தியே எழுதியிருந்தா," என்றார் தமிழாசிரியர் செந்தமிழன்.

"தலைப்பு என்னங்க ஐயா?"

"நிலையாமை. நான் கொடுத்ததுதான்."

லின்சியிடம் பெலிண்டா அன்பாகவே கேட்டாள்: "ஏம்மா அடிச்ச?" லின்சி ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். குற்றவுணர்வு இல்லை என்று பெலிண்டா குறித்துக்கொண்டாள்.

அறிக்கை தடையில்லாமல் வந்தது. 'எதிர்காலத்திலும் வன்முறையில் ஈடுபடக்கூடியவர்' என்று முடித்தாள். மாலை பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது மனம் லேசாக இருந்தது. நேற்று அம்மாவிடம் ஏன் அப்படிக் கத்தினோம் என்று இன்னும் அவளுக்குப் புரியவில்லை. லின்சியை முழுதாகப் புரிந்துகொண்டாயிற்று.

காலையில், நிர்வாகிகள் வருவதற்கு முன், நெற்றியில் கட்டோடு அஃபீஃபா பெலிண்டாவிடம் வந்தாள்.

"லின்சியா? ஐயோ மிஸ், அவ பாட்டிலைப் பிடுங்கினா. இல்லாட்டி இன்னொரு அடி விழுந்திருக்கும். அடிச்சது ஸ்ரீநிதி."

ஸ்ரீநிதி வகுப்புத் தலைவி. தினமும் பிரேயரில் உறுதிமொழி வாசிப்பவள். கூப்பிட்டதும் அழுதாள். "பிசிக்ஸ்ல இந்தத் தடவை நான்தான் ஃபர்ஸ்ட்டுன்னு அஃபீஃபா சிரிச்சா மிஸ். கை போயிடுச்சு. ஏன்னு எனக்கே தெரியலை."

ஆசிரியர் அறைக்குச் செய்தி அதற்குள் போயிருந்தது. "அவ்வளவு நல்ல பொண்ணா ஒருத்தி இருக்க முடியுமா? எனக்கு அப்பவே உறுத்துச்சு," என்றார் அமலராணி.

பெலிண்டா சிஸ்டரிடம் ஓடினாள்.

"ஸ்ரீநிதியோடது ஒரு நிமிஷக் கோபம்," என்றார் சிஸ்டர். "நீங்க சொன்ன அறிகுறி ஒண்ணுகூட அவகிட்ட இல்லையே. மன்னிப்புக் கேட்டா போதும். லின்சியைத்தான் என்ன பண்றதுன்னு தெரியலை."

"அவ அடிக்கவே இல்லையே சிஸ்டர்!"

"நேத்து அடிக்கலை. இனிமே அடிப்பான்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"நான் எழுதினது தப்பு."

"எது தப்பு? கண்ணு வரையலையா? தனியா சாப்பிடலையா?"

பெலிண்டா அறிக்கையைப் புரட்டினாள். ஒவ்வொன்றும் உண்மைதான். "அதுக்காக டி.சி. கொடுத்தா நான் வேலையை விட்டுடறேன்," என்று மட்டும் சொன்னாள்.

நிர்வாகம் பெருந்தன்மையாக நடந்துகொண்டது. டி.சி. இல்லை. அறிக்கை கோப்பில் இருக்கும். வெள்ளிதோறும் லின்சி கவுன்சிலிங்குக்கு வர வேண்டும். ஸ்ரீநிதிக்கு அது தேவைப்படவில்லை.

முதல் வெள்ளி லின்சி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நீ அடிக்கலைன்னு அன்னைக்கே ஏம்மா சொல்லலை?"

"அடிச்சியான்னு யாரும் கேக்கலை மிஸ். ஏன் அடிச்சேன்னுதான் கேட்டாங்க. நீங்களும்."

வேறென்ன கேட்பது என்று தெரியாமல் பெலிண்டா பயிலரங்கில் கற்றதையே கேட்டாள்.

"யார் மேலயாவது உனக்குக் கோபம் இருக்கா?"

லின்சி நேர்மையாக யோசித்தாள். அன்றுதான் முதல்முறையாக அவள் பெலிண்டாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"முன்னாடி இல்லை மிஸ். இதையும் எழுதுவீங்களா?"