மருந்தக்காவோடு நடந்த நிழல்கள்

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில், வயிற்றில் பிள்ளை தங்கிய பெண்களுக்கு இரண்டு நிழல் விழுந்தது. பெரியது வழக்கமான நிழல். சின்னது எலுமிச்சம்பழ அளவில், கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில், தரையில் ஈரம் பட்டதுபோலக் கிடக்கும். வாசற்படி தாண்டித் தெருவில் கால் வைத்ததும் காணாமல் போய்விடும். கடையை நடத்தியவளை எல்லோரும் மருந்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கடை திறந்த மூன்றாம் வருஷம் இது அவள் கண்ணில் பட்டது. முகப்பருவுக்கு எழுதிய சீட்டோடு ஒரு டீச்சர் வந்திருந்தாள். வயிற்றுப்பிள்ளைக்கு ஆகவே ஆகாத மாத்திரை அது. அலமாரியிலிருந்து மாத்திரையோடு திரும்பிய மருந்தக்கா டீச்சரின் செருப்போரம் அந்தக் கறுப்பைப் பார்த்தாள். மை கொட்டிவிட்டது என்று நினைத்துத் துடைக்கக் குனிந்தாள். விரல் சில்லிட்டது. கறுப்பு இரண்டு அங்குலம் நகர்ந்து மறுபடி படுத்துக்கொண்டது. மருந்தக்கா மாத்திரையை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு, "நாள் ஏதும் தள்ளிப்போயிருக்கா டீச்சர்? எதுக்கும் ஒரு தடவை பரிசோதனை பண்ணிட்டு இதைச் சாப்பிடலாமே" என்றாள். டீச்சர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். பதினோராம் நாள் வந்து சத்து மாத்திரை கேட்டாள்.

அடுத்த ஒன்பது வருஷம் மருந்தக்கா இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. சின்ன நிழலைக் கண்டால் வலி மாத்திரையை மாற்றிக் கொடுப்பாள், பேச்சுவாக்கில் நாள் கணக்கைக் கேட்டுக்கொள்வாள். பெரிய அலமாரிக்குப் பின்னால் இரண்டு முக்காலி போட்டிருந்தாள். பெற்றவளிடமும் கட்டினவனிடமும் கேட்க முடியாததைப் பெண்கள் அங்கே உட்கார்ந்து கேட்டார்கள். கருத்தடை மாத்திரையை இரண்டு நாள் மறந்துவிட்டால் என்ன செய்வது, நேற்று நடந்துவிட்டதற்கு இன்று ஏதாவது வழி உண்டா, மூன்றாவது பிள்ளை வேண்டாம் என்று எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது. ஆண்கள் முதலில் இருமல் மிட்டாய் கேட்பார்கள், அப்புறம் தலைவலித் தைலம் கேட்பார்கள், கடை காலியான பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு ஆணுறை கேட்பார்கள். அவள் தலைநிமிராமல் எடுத்துக் கொடுப்பாள்.

அதற்கடுத்த வருஷம் தையற்காரரின் மனைவி வயிற்று வலி என்று வந்தாள். அவளுடைய சின்ன நிழல் காலடியில் இல்லை. தள்ளி, இடப்பக்கச் சுவரில், ஒற்றையாக ஒட்டிக்கொண்டு பல்லியின் அறுந்த வால் மாதிரி துடித்தது. மருந்தக்கா மாத்திரை எதையும் எடுக்கவில்லை. கடையைப் பூட்டினாள், அவளைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினாள், ஆஸ்பத்திரியில் ஆளைப் பிடித்து உள்ளே தள்ளாத குறையாகச் சேர்த்தாள். கரு பையில் தங்காமல் குழாயில் தங்கி வெடிக்கும் நிலையில் இருந்தது என்றும், இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் உயிர் மிஞ்சாது என்றும் டாக்டர் சொன்னார். பிழைத்து வந்தவளிடம் எப்படித் தெரிந்தது என்பதை மருந்தக்கா சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள். தையற்காரரின் மனைவி நன்றி தாங்காமல் தெரு முழுக்கச் சொன்னாள்.

அன்றிலிருந்து கடைக்கு வந்தவர்கள் தரையைப் பார்த்தபடி வந்தார்கள். மாமியார்கள் மருமகள்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, ஒரு பொட்டலம் பஞ்சு வாங்கிக்கொண்டு, தரையைத் துழாவினார்கள். "ஆணா பொண்ணான்னு பாத்துச் சொல்லேன்" என்றாள் ஒருத்தி. "நிழலுக்கு மீசையா முளைச்சிருக்கு?" என்று மருந்தக்கா சீறினாள். அண்ணன்கள் தங்கைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முக்காலிகளில் தூசி படிந்தது. ஒரு பெண் கடைக்கு வரப் பயந்து, கருவைக் கலைக்க யாரோ சொன்ன பச்சிலையைத் தின்று மூன்று நாள் கிடந்து செத்தாள். அந்தச் செய்தி வந்த மாதம் மருந்தக்கா சரியாகச் சாப்பிடவில்லை. நிழலே விழாமலிருக்க நாலு பக்கமும் விளக்குப் போட்டுப் பார்த்தாள். பெரிய நிழல்கள் அழிந்தன, சின்னவை இன்னும் கறுத்தன.

மரக்கடைக்காரர் தன் மகளைக் கூட்டி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் உச்சிக்கு ஏறும் நேரம். மகளுக்குப் பத்தொன்பது வயது. வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தெருவில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். "உள்ள போ" என்று அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினார். அவள் உள்ளே வந்த மாத்திரத்தில் அது விழுந்துவிட்டது, மேசையின் மறைவில், மருந்தக்காவின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற இடத்தில். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர ஒரு நிமிஷம் பிடித்தது. மருந்தக்கா என்ன நினைத்தாள் என்று பிற்பாடு அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. குனிந்து, பூனைக்குட்டியைக் கூப்பிடுவதுபோலத் தரையில் விரலால் தட்டி, "வா" என்றாள். கறுப்பு ஒருமுறை நடுங்கியது. பிறகு மேசைக்கு அடியில் ஊர்ந்து வந்து அவள் கணுக்காலில் ஒட்டிக்கொண்டது. பனிக்கட்டியை வைத்துக் கட்டியதுபோல முழங்கால் வரை மரத்துப்போனது.

மரக்கடைக்காரர் மகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மருந்தக்காவுக்கு நாற்பத்தாறு வயது, கல்யாணமே செய்துகொள்ளாதவள்.

"உங்களுக்கா?"

"ஆமா. எனக்குத்தான்."

தெரு ஒரு மாதம் இதையே மென்றது. மருந்தக்கா தம்பி வீட்டில்தான் இருந்தாள். முன்னெல்லாம் கடையோடு நின்ற நிழல் இப்போது அவளோடு வீட்டுக்கும் வந்து, சாப்பிடும்போது தட்டோரமாகப் படுத்துக்கொண்டது. தம்பி கூசிப்போய், "யாரோடதுன்னு மட்டும் சொல்லுக்கா, வெளியில தலை காட்ட முடியல" என்றான்.

"அதைச் சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்குடா கடை வச்சிருக்கேன்?"

தம்பி மனைவி மட்டும் சிரித்தாள். சிரித்துவிட்டு, நிழலை மிதிக்காமல் சுற்றிப் போய்ச் சோறு வைத்தாள்.

மரக்கடைக்காரரின் மகள் மறுநாள் தனியாக வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் பேசினார்கள். அவள் என்ன முடிவு செய்தாள், எந்த டாக்டரிடம் யாரோடு போனாள் என்பது இருவருக்கு மட்டும் தெரியும். அடுத்த புதன்கிழமை மருந்தக்காவின் அந்தக் கணுக்கால் மறுபடி சூடாக இருந்தது, நிழல் போயிருந்தது. ஆனால் அதற்குள் மறுகாலுக்கு வேறு இரண்டு வந்துவிட்டிருந்தன, கூப்பிடாமலே. அதன் பிறகு கடைக்குள் நுழைந்த எந்தப் பெண்ணின் காலடியிலும் சின்ன நிழல் தங்கவில்லை, எல்லாம் நேராக மருந்தக்காவிடம் போயின. ஒரே சமயத்தில் ஏழு சேர்ந்தபோது வம்பு பேசியவர்களுக்கும் கணக்கு உதைத்தது, விட்டுவிட்டார்கள். சாயங்காலம் அவள் வீட்டுக்கு நடந்தால் அவை பின்னால் வரிசையாக வந்தன. சில, யாராவது பொய் சொன்னால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தன. கோடையிலும் அவள் கம்பளிக் காலுறை போட்டாள். பெண்கள் திரும்ப வந்தார்கள், இப்போது தரையைப் பார்க்காமல்.

மருந்து ஆய்வாளர் வருஷத்துக்கு ஒருமுறை வருவார். புதிதாக மாற்றலாகி வந்தவர் அந்த வருஷம் உரிமத்தைப் பார்த்தார், குளிர்பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்தார், காலாவதித் தேதிகளைப் புரட்டினார். மேசைக்குப் பின்னால் போக வேண்டி வந்தது. அங்கே பதினோரு நிழல்கள் படுத்திருந்தன. அவர் குனிந்து பார்த்தார். பிறகு பேன்ட்டை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் மிதிக்காமல் தாண்டிப் போய், கடைசி அலமாரியையும் பார்த்து முடித்து, குறை ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.