யார் பெயரில் ஓடுகிறது?

1

இந்தக் கதை ஒரு பூனையிலிருந்து வந்தது. ஒளிப்பானேன், சொல்லிவிடுகிறேன்.

முதுகுவலிக்காக ஒரு பிசியோதெரபி நிலையத்தில் முறைக்குக் காத்திருந்தேன். வரவேற்பில் இருந்த பெண்ணின் திரையில் நோயாளிகள் பட்டியல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பூனைப் படம். அவள் யாருக்கோ போன் போட்டு, "பூனைதாங்க வருது, வேற ஒண்ணும் வரலை" என்றாள். மறுமுனையில் யாரோ குதூகலித்திருக்க வேண்டும். இவள் குழம்பிப்போய், "வந்தா நல்லதா?" என்று கேட்டாள்.

வலி அன்றே போய்விட்டது. (பொய். இன்னும் இருக்கிறது.) பூனைதான் போகவே இல்லை. தெரிந்தவர்களைப் பிடித்து விசாரித்தேன். ஜாவாவில் எழுதிய இணையச் செயலியை லினக்ஸ் கணினியில் ஓடவைக்க ஒரு சர்வர் மென்பொருள் வேண்டுமாம். அதில் ஒன்றுக்கு டாம்கேட் என்று பெயர், நம் பாஷையில் கடுவன் பூனை. ஒழுங்காக நிறுவினால் முதலில் பூனை முகம் காட்டும், அதன்பிறகுதான் செயலி. அதுவரை சரி. பூனை வந்ததற்குச் சந்தோஷப்பட்ட அந்த மறுமுனை ஆள் யார்? அது தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெரியாததால் நானே ஒருத்தியை உண்டாக்கினேன்.

2

முதல் தொடக்கம்: "கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மழைபோல —"

வேண்டாம். கணினி என்றாலே எல்லாரும் கறுப்புத் திரையைக் காட்டித்தான் பயமுறுத்துகிறார்கள்.

இரண்டாவது: "சிறுவயதிலிருந்தே அவளுக்குக் கணினி என்றால் உயிர் —"

சுத்தப் பொய். அவளுக்கு உயிர் தூக்கம்தான்.

மூன்றாவதை வைத்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேசையில் பாதியைத் தட்டுகளும் மீதியைத் தங்கையின் மடிக்கணினியும் பிடித்திருந்தன. எதிரே அண்ணன், போனில். உள் அறையில் அப்பா ஒரு ரப்பர் பந்தை வலது கையால் கீச் கீச்சென்று அழுத்திக்கொண்டிருந்தார். பக்கவாதத்தில் விழுந்தவரைக் கவனித்துக்கொள்ளத்தான் தங்கை புரோகிராமர் வேலையை விட்டாள். அவரைக் கைத்தடியோடு நடக்கவைத்தது பிசியோ மேடம். அந்த மேடம்தான் இப்போது தன் நிலையத்தின் முன்பதிவுச் செயலியைப் புதுச் சர்வரில் ஏற்றித் தரும்படி தங்கையைக் கேட்டிருந்தார். நாளைக் காலை கதவு திறக்கும்போது அது ஓடவேண்டும்.

கேட்டது தங்கையை. ஆனால் வீட்டில் எல்லாரும், அப்பா உட்பட, அண்ணனைப் பார்த்து "முடிச்சிடுவேல்ல?" என்றார்கள். அண்ணன் பெரிய கம்பெனியில் நூற்றுக்கணக்கான சர்வர்களை மேய்க்கிறவன். இந்த வாடகைச் சர்வரையும் அவன்தான் தன் கணக்கில் எடுத்துக் கொடுத்திருந்தான். அவளுக்கு மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம். இத்தனை காலம் கழித்து, தனக்கு இன்னும் வேலை வருகிறதா என்று அவளுக்கே தெரிந்தாகவேண்டும்.

(நான் பூனையைப் பார்த்தது வேலைநாள். கதைக்கு ஞாயிறு வசதியாக இருந்தது, மாற்றிவிட்டேன். இப்படி மாற்ற எனக்கு எவ்வளவு அனுமதி இருக்கிறது பாருங்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

3

லினக்ஸில் ரூட் என்று ஒரு பயனர் உண்டு. வீட்டு எஜமான் மாதிரி. எந்தக் கதவும் அவரைத் தடுக்காது, எதையும் அழிக்கலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது. இந்தச் சர்வரின் ரூட் பாஸ்வேர்ட் இரண்டு பேருக்குத் தெரியும்: அண்ணனுக்கும் தங்கைக்கும்.

தங்கை ஜாவாவை ஏற்றினாள். டாம்கேட்டை இறக்கிப் பிரித்துவைத்தாள். பிறகு ஒரு புதுப் பயனரை உருவாக்கினாள், பெயர் பூனை. சர்வரை ஓட்டுவது மட்டும்தான் அவன் வேலை. அவனுக்குப் பாஸ்வேர்ட் கிடையாது, யாரும் அவன் பெயரில் உள்ளே வந்து உட்காரவும் முடியாது. டாம்கேட் இருக்கும் அடைவு, அதாவது ஃபோல்டர், முழுவதையும் அவன் பெயருக்கு எழுதிவைத்தாள்.

[எல்லாம் செய்யக்கூடிய ரூட் இருக்கும்போது எதற்கு இந்த வாயில்லாப் பூச்சி? நானும் கேட்டேன். இணையப் பக்கத்தின் வழியாகத் திருடன் புகுந்தால், அது யார் பெயரில் ஓடுகிறதோ அவருடைய கை நீளம்தான் அவனுக்குக் கிடைக்கும். பூனையின் பெயரில் ஓடினால் ஒரு அறையோடு போகும், ரூட்டின் பெயரில் ஓடினால் வீடே போகும்.]

சர்வரைக் கிளப்பினாள். பூனை முகம் காட்டியது. சத்தம் போடாமல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டாள். அண்ணன் பார்க்கவில்லை. அடுத்து செயலியை ஏற்றவேண்டும், அதற்காகச் சர்வரை நிறுத்தினாள். அந்த நேரம் பார்த்துத் தூறல். மாடியில் காயும் துணி ஞாபகம் வர, ஓடினாள்.

4

திரும்பி வந்து செயலியை வைத்துக் கிளப்பினாள். கிளம்பவில்லை. அனுமதி இல்லை என்று ஒரே ஒரு வரி.

சற்றுமுன் ஓடியது ஏன் ஓடவில்லை? அமைப்புக் கோப்புகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள். அவள் எழுதியவை எழுத்துக்கு எழுத்து சரி. செயலியை எடுத்துவிட்டு வெறும் பூனையையாவது கூப்பிட்டுப் பார்த்தாள், அதுவும் வரவில்லை. மறந்துபோச்சு, எல்லாமே மறந்துபோச்சு என்று உள்ளுக்குள் ஒரு குரல். அப்பாவின் பந்துச் சத்தம்கூட அவளைக் கேலி செய்வதாகப் பட்டது.

இங்கே நான் எழுதினேன்: "அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் வந்து ஒரு நொடியில் சரிசெய்தான். அவள் நன்றியோடு சிரித்தாள்."

கதை வழவழவென்று ஓடியது. ஆனால் அதற்கு அடுத்த வரியை அவளிடமிருந்து என்னால் வாங்க முடியவில்லை. எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் என்ன தப்பு செய்தேன் என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடைசியில் அந்த மூன்று வாக்கியங்களையும் அடித்தேன். மேலே கிடக்கட்டும், நீங்களும் பாருங்கள்.

5

அவள் கூப்பிடவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு வந்து, அடைவு அடைவாகத் திறந்து பார்த்தாள்.

லினக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே அதன் உரிமையாளர் பெயரைக் காட்டும். பூனை, பூனை, பூனை என்று வந்துகொண்டிருந்தது. சர்வர் தன் அன்றாட வேலைகளைப் பதிந்துவைக்கும் லாக் அடைவுக்குள் மட்டும்: ரூட், ரூட், ரூட். கிளம்பும்போது பூனை அங்கேதான் முதல் வரியை எழுதவேண்டும். ரூட்டுக்குச் சொந்தமான கோப்பில் பூனை எப்படி எழுதுவான்?

கோபத்துக்கு முன்னால் நிம்மதிதான் வந்தது. தப்பு அவளுடையது இல்லை. கோபம் இரண்டாவதாக வந்தது, ஆனால் குறையில்லாமல் வந்தது.

"அண்ணா, என் சர்வருக்குள்ள போனியா?"

அவள் மாடிக்குப் போன நேரத்தில் போனிலிருந்தே நுழைந்தானாம். மெமரி குறைவாக இருந்ததாம், கூட்டினானாம். பழைய லாக் எல்லாம் குப்பையாகக் கிடந்ததாம், அழித்தானாம். ஒருமுறை ஓட்டிப் பார்த்தானாம், ஜோராக ஓடியதாம், நிறுத்திவிட்டானாம். போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்லி முடித்தான். உதவி செய்தவனின் களை முகத்தில் சொட்டியது.

"ரூட்லயா ஓட்டின?"

"ஒரு தடவதானே." அப்போதுதான் நிமிர்ந்தான். இந்தத் தப்புக்காகத் தன் கம்பெனியில் எத்தனை பேரைக் காய்ச்சியிருப்பான். அசடு வழிந்தது, அதைத் துடைக்கிற அவசரத்தில், "சரி விடு, இனிமே ரூட்லயே ஓட்டிடு. ஒரு தொந்தரவும் வராது" என்றான்.

"நீ தொட்டா எல்லாம் ஓடுதுண்ணா. அதுக்கப்புறம் என்கிட்டதான் ஓட மாட்டேங்குது."

உள்ளே பந்துச் சத்தம் நின்றது. அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

(அந்த வசனம் என்னுடையது இல்லை. நான் யோசித்து வைத்திருந்தது வேறு, கொஞ்சம் இலக்கியமாக இருந்தது. அவள் இதைச் சொன்னதும்தான் அடித்த மூன்று வாக்கியங்களும் எனக்குப் புரிந்தன. நானும் ஒரு தடவைதானே என்று உள்ளே போய் அவள் வேலையைச் செய்துவிட்டு வந்திருந்தேன்.)

உரிமையாளரை மாற்ற ரூட்டால்தான் முடியும். ஒரே ஒரு வரிக்காக ரூட்டாக நுழைந்து, அடைவு முழுவதையும் மறுபடி பூனையின் பெயருக்கு மாற்றிவிட்டு வெளியே வந்தாள். கிளப்பினாள். பூனை வந்தது. செயலியை ஏற்றினாள், முன்பதிவுப் பக்கம் வந்தது. திங்கட்கிழமையின் முதல் பெயர் அப்பாவுடையது.

6

முடிவு ஒன்று: அண்ணன் மன்னிப்புக் கேட்டுவிட்டு டீ போடுகிறான். அடித்துவிட்டேன். டீ போடுவான். மன்னிப்பெல்லாம் அந்த வீட்டில் யாருக்கும் வராது.

முடிவு இரண்டு: மறுநாள் அவன் பழைய பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே நுழையப் பார்க்கிறான், கதவு —

இதுவும் வேண்டாம். அவளைப் பழிவாங்கவைக்க நான் யார்?

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை, அவளே ஆரம்பித்துவிட்டாள். மறுபடி ரூட்டாக நுழைந்து, ரூட் பாஸ்வேர்டை மாற்றும் கட்டளையை அடித்தாள். புதியது என்ன என்று திரை கேட்டது.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புண்ணா."

"அடிக்கிறது திரையில தெரியாதே. ஒரு புள்ளிகூட வராது."

"விரல் தெரியும்ல."

அண்ணன் அவளையே பார்த்தான். பிறகு நாற்காலியோடு ஜன்னல் பக்கம் திரும்பினான். சர்வர் அவன் கணக்கில் இருக்கிறது, நினைத்தால் வேறு வழியில் புகலாம். அது இருவருக்கும் தெரியும். இருந்தும் திரும்பினான்.

அவள் புதிதாக ஒன்றை அடிக்கலாம். பழையதையே மறுபடி அடிக்கலாம், ரூட் சொன்னால் லினக்ஸ் மறுபேச்சுப் பேசாமல் மாற்றியாயிற்று என்றே சொல்லும். எதை அடித்தாள் என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் எட்டிப் பார்க்க அனுமதி உண்டு. இந்தக் கதையில் எந்தக் கதவும் என்னைத் தடுக்காது.

விசைகளின் சத்தம் கேட்கிறது. நான் திரும்பிக்கொண்டுவிட்டேன். நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்கள்.