ஆவுடையப்பன் தள்ளிய சிப்பாய்

ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பன் மந்திரிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாரென்றால், ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருப்பவனுக்கும் வியர்க்கும். ஆட்டம் தொடங்கிய இரண்டாவது நகர்த்தலிலேயே "இந்தா, வெட்டிக்கோ" என்று சிப்பாயைத் தூக்கிக் கொடுப்பதுதான் அவர் வித்தை. வெட்டியவர்கள் கிடைத்ததை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் அதைச் சுற்றியே காவல் போடுவார்கள். அதற்குள் அவருடைய குதிரையும் ராணியும் புளியறை மலை இறக்கத்தில் பிரேக் போன லாரி மாதிரி வந்து இறங்கிவிடும்.

தென்காசி சதுரங்க மன்றத்தில் வெகுகாலமாக முதல் பலகை, அதாவது அணியின் தலைமை ஆட்டக்காரர் உட்காரும் இடம், அவருடையது. செங்கோட்டை அணியோடு மோதும் சாரல் சீசன் போட்டி நெருங்கியது. இந்த முறை முதல் பலகையில் யார் உட்காருவது என்பதை ஒரே ஆட்டத்தில் தீர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டாள் அதே மன்றத்து ஜைனப். கடையநல்லூரில் தையல்கடை வைத்திருப்பவள். சவுதியில், தம்மாமில் இருக்கும் புருஷன் மசூதோடு செல்போனில் ஆடி ஆடியே தேறியவள்.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹால். மன்றமே கூடியிருந்தது.

"ஏம்மா ஜைனபு, இப்பமும் ஒண்ணும் கெட்டுப் போகல. ரெண்டாவது பலகையில காத்து நல்லா வருது."

"காத்து ஒங்களுக்குத்தான் வேணும் அண்ணாச்சி. இந்தச் சாரல்லயும் வேர்க்குதே!"

அவர் சிப்பாயைத் தள்ளினார். அவள் வெட்டினாள்.

"வெட்டிட்டா. இனி முடிஞ்சுது" என்றான் மன்றச் செயலாளர் மணிமுத்து.

ஆவுடையப்பன் குதிரையை எடுத்து வைத்துவிட்டு, அவள் காவல் போடுவாள் என்று காத்திருந்தார். அவளோ வெட்டிய சிப்பாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராணிக்கு முன்னால் நின்ற தன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, அவர் வாய்க்கு நேரே நிறுத்தினாள்.

"என்ன தாயி, கை தவறிட்டா?"

"இல்ல அண்ணாச்சி. எங்க தெருவுல பக்கத்து வீட்டுல இருந்து பலகாரம் வந்தா, பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டோம். ஒண்ணு தந்தீங்க. ஒண்ணு எடுத்துக்கிடுங்க."

கொடுத்தே பழகிய மனுஷர். வாங்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. வெட்டினார்.

வழி திறந்துவிட்டது. அவளுடைய குதிரையும் மந்திரிகளும் கல்யாணப் பந்திக்கு வருகிறவர்கள் மாதிரி வரிசையாக வந்து உட்கார்ந்தன. அவள் ராஜா கோட்டைக்குள் போய்ப் பத்திரமாகிவிட்டான். அவருடைய ராஜாவோ மறைக்கச் சிப்பாயில்லாமல், பேரருவிக்கு நடுவில் துண்டு நழுவியவன் மாதிரி நின்றான். எதிரே நேர்கோட்டில் அவள் யானை.

"செக், அண்ணாச்சி."

எத்தனையோ கள்ளனை வளைத்துப் பிடித்தவர். இவ்வளவு மரியாதையாகத் தன்னை யாரும் வளைத்ததில்லை. கோபம் வருகிறதா என்று தேடிப் பார்த்தார். சிரிப்புதான் வந்தது. தோல்வியை ஒப்புக்கொண்டு ராஜாவைத் தன் கையாலேயே படுக்க வைத்தார்.

"அண்ணாச்சி, இன்னொரு ஆட்டம் வச்சுப் பாப்பமா?" என்று மெல்லக் கேட்டான் மணிமுத்து.

"பேசாம கெடலே! செங்கோட்டைக்காரனுக்குப் போன் போடு. முதல் பலகைக்கு ஆள் மாறியாச்சுன்னு சொல்லு. வயிறு நெறைய சாப்பிட்டுட்டு வரட்டும். இவ முன்னால உக்காந்தப்புறம் தண்ணிகூட எறங்காது!"